மேட்டுச்சாமிக்கு முகம்

ராஜவேல் மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்ததே ஒரு நேர்த்திக்கடனைத் தீர்ப்பதற்காகத்தான். ஜொகூர் பக்கம் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் மழை விட்டதும் பள்ளத்துக்குள் இறங்கியபோது பக்கச்சுவர் சரிந்து அவனை மார்புவரை மண் மூடிவிட்டது. மூச்சை வெளியே விட்டால் மண் இறுகியது, உள்ளே இழுக்க இடமில்லை. மேலே நின்றிருந்த ரஃபீக் என்ற பங்களாதேஷ்காரன் கையாலேயே மண்ணை வாரிப் போட்டு, மற்றவர்களையும் கூப்பிட்டு, அவனை வெளியே எடுத்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ராஜவேலுக்கு ஒன்றுதான் மனதில் இருந்தது. மண்ணுக்குள் கிடந்தபோது ஊர் மேட்டுச்சாமியைக் கூப்பிட்டோம், அதுதான் வந்து காப்பாற்றியது. குணமானதும் அதற்குக் கோயில் கட்டுவதாக அந்தப் படுக்கையிலேயே வேண்டிக்கொண்டான்.

மேட்டுச்சாமி பூலாம்பாடிக்கு மேற்கே, அவர்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது. சிலை கிடையாது, சூலம் கிடையாது, நட்டுவைத்த கல்கூடக் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்மேடு, அவ்வளவுதான். கும்பிட வருகிறவர்கள் தங்கள் வயலிலிருந்து ஒரு கை மண் கொண்டுவந்து அதன்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். ஐப்பசி மழையில் மேடு கரையும், தை பிறந்ததும் மறுபடி வளரும். மக்காச்சோளம் விளைந்த செம்மண், வெங்காயம் விளைந்த சரளைமண், பருத்தி விளைந்த கரிசல் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அந்தச் சாமி யார், எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லி ராஜவேல் கேட்டதில்லை. அவனும் யாரிடமும் கேட்டதில்லை.

கோயில் கட்டுகிறேன் என்றபோது ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். மேட்டுக்கு விளக்குப் போடும் பஞ்சநாதன் பூசாரி, "கோயில்னா உள்ள ஒரு சிலை வேணுமே மாப்ள" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிலை இல்லாமல் கோயில் எப்படி என்று ராஜவேலுக்கும் தோன்றியது.

அவன் மனைவி பூவிழி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவளோடு வேலை பார்க்கும் ஏலாக்குறிச்சிப் பெண் ஒருத்தி, திருமானூர் ரோட்டில் அருளானந்தம் என்றொருவர் சிமெண்டில் சிலை செய்வதாகச் சொன்னாள். மாதா, அந்தோணியார் செய்வார், அய்யனார், குதிரை, முனி எல்லாமும் செய்வார், கைவேலை சுத்தமாக இருக்கும் என்றாள். ராஜவேல் பெரம்பலூர் போய் அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து திருமானூர் பஸ்ஸில் ஏறினான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது. அவர் கொட்டகையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. வாசலிலேயே கண் வரையாத மாதா ஒருவர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் காலும் வயிறும் மட்டும் கட்டிய குதிரை.

அருளானந்தத்துக்கு ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார். அவர் மனைவி சாந்தி மேரி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன சாமிங்க?" என்றார்.

"மேட்டுச்சாமிங்க."

"அது பேரு. ஆளு யாரு? ஆம்பளையா, பொம்பளையா?"

ராஜவேல் டீ டம்ளரை எடுத்து, குடிக்காமல் மறுபடி கீழே வைத்தான்.

"சரி, அத விடுங்க. நின்ன கோலமா, உக்காந்த கோலமா? கையில என்ன? அருவாளா, தண்டமா? கோவமா, சாந்தமா? கோவம்னா கண்ணு பிதுங்கணும், கோரைப்பல்லு வைக்கணும். சாந்தம்னா உதட்டுல லேசா சிரிப்பு."

"எனக்குத் தெரியலிங்களே."

அருளானந்தம் அவனைக் கேலியாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஆர்வத்தோடுதான் பார்த்தார். "எத்தன நாளா கும்புடுறீங்க?"

"பொறந்ததுலேர்ந்துங்க."

"கும்புடும்போது கண்ண மூடுவீங்கல்ல? அப்ப என்ன தெரியும்?"

ராஜவேல் யோசித்தான். கண்ணை மூடினால் இருட்டுத்தான் தெரியும். ஆனால் அது ஆளில்லாத இருட்டு மாதிரி இருக்காது. பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று சத்தம் இல்லாமலே தெரியுமே, அது மாதிரி. அதை அவன் சொல்லிப் பார்த்தான். சொன்னபிறகு, இதை வைத்து என்ன சிலை செய்வது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க ஊர்ல போயி நாலு பேர விசாரிச்சுட்டு வாங்க," என்றார் அருளானந்தம். "யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்."

ஊருக்கு வந்து முதலில் பூசாரியைக் கேட்டான். பஞ்சநாதனுக்குச் சந்தேகமே இல்லை. "முனிதான் மாப்ள. ஏரிக்குக் காவல். கையில அருவா, தோள்ல கம்பளி. கோவக்காரரு."

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

"கனவுல வந்திருக்காரு." கொஞ்ச நேரம் கழித்து, "முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றும் சொன்னார்.

அண்ணி வீராயி வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தாள். தாளை அறுத்து வெங்காயத்தைத் தனியாகக் குவிக்கிற வேலை. ராஜவேலின் அண்ணன் இறந்தபிறகு இரண்டு பிள்ளைகளையும் தனி ஆளாக வளர்த்தவள் அவள். வாரத்தில் பாதி நாள் மேட்டுக்குப் போய்விடுவாள்.

"பொம்பளதான் தம்பி, வேற யாரு?" என்றாள். "நான் பேசுறத அம்புட்டு நேரம் எந்த ஆம்பள கேப்பான்?"

"மூஞ்சி எப்படி இருக்கும் அண்ணி?"

அவள் அரிவாளை நிறுத்தினாள். "மூஞ்சியா? நான் மூஞ்சியப் பாத்துப் பேசுனதில்ல தம்பி. பாத்தா பேச வராது."

உரக்கடை வைத்திருக்கும் முத்தமிழ்ச்செல்வன் ராஜவேலோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் அப்பா காலத்திலிருந்து கறுப்புச் சட்டைக் குடும்பம். கடவுள் இல்லை என்பதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. ஆனாலும் தை மாதம் ஒரு கை மண் கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். அதை ஊரே பார்த்திருக்கிறது.

"அது சாமிக்கு இல்லடா," என்றான். "ஊரோட சேந்து ஒரு காரியம். அவ்ளோதான்."

"சரி. இல்லைன்னு சொல்றியே, எந்தச் சாமிய இல்லைங்கற? பூசாரி சொல்ற முனியவா, அண்ணி சொல்ற பொம்பளையவா?"

"எல்லாத்தையுந்தான்."

"அப்ப, யாருக்குமே இன்னாருன்னு தெரியாத ஒண்ணு அங்க இருந்தா? அதையும் இல்லைங்கறியா?"

முத்தமிழ்ச்செல்வன் யூரியா மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டான். "என்னன்னே தெரியாதத எப்படிடா இல்லைங்கறது?" என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "ஆனா இருக்குன்னும் சொல்ல முடியாது பாத்துக்க. என்ன இருக்குன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?" என்றான்.

கடைக்குள் கணவன் முத்தமிழ்ச்செல்வனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த கீதாஞ்சலி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். குன்னத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். ராஜவேல் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, நான் இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து அந்த மேட்டக் கும்புட்டதில்ல. எங்க ஊர்ல அம்மன் இருக்கும், முகம் இருக்கும், மூக்குத்தி இருக்கும். பாத்ததும் கை தானா மேல போவும். இங்க மண்ணப் பாத்தா கை வரல. இவருக்கு நம்பிக்கை இல்ல, எனக்கு இருக்கு. ஆனா ரெண்டு பேரும் சும்மாதான் நின்னுட்டு வரோம். நீங்க சிலை வைங்கண்ணே."

கேட்டதையெல்லாம் ராஜவேல் போனில் சொன்னான். அருளானந்தம் முழுதும் கேட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் தானே வந்தார். மேட்டைச் சுற்றி நடந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். வீராயியிடமும் பூசாரியிடமும் தனித்தனியாகப் பேசினார். "களிமண்ணுல சின்னதா ஒண்ணு செஞ்சு கொண்டாரேன். ஊரு பாக்கட்டும். புடிச்சா அதையே சிமெண்ட்ல பெருசாச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே கொண்டுவந்தார். வீராயி சொன்னதை வைத்துப் பெண்ணாகச் செய்திருந்தார். உட்கார்ந்த கோலம். பூசாரி சொன்ன கம்பளி தோளில் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லை, இரண்டும் மடியில் இருந்தன. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அழகான வேலைதான். மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் வைத்தார்கள். ஊரே வந்து பார்த்தது.

பஞ்சநாதன் ரொம்ப நேரம் பார்த்தார். "கம்பளி சரியா இருக்கு," என்றார். "மத்ததெல்லாம் வேற யாரோ." அரிவாளாவது வைக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்.

கீதாஞ்சலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக மேலே போனது. கண் நிறைந்து வழிந்தது. அவள் என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நீண்ட நேரம் கேட்டாள். முத்தமிழ்ச்செல்வன் பின்னால் நின்று மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீராயி கடைசியாகத்தான் வந்தாள். சிலையைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் செய்வாளே, அந்த மாதிரி. ஒரு கும்பிடு போட்டாள். மேட்டுப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல நினைத்தாள். பக்கத்தில் அந்த முகம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

ராஜவேல் பின்னாலேயே போனான். "என்ன அண்ணி, புடிக்கலியா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. லட்சணமா இருக்காங்க." அவள் நடந்துகொண்டே சொன்னாள். "ஆனா அவங்களுக்கு எங்கதை தெரியாதே. முதல்லேர்ந்து சொல்லணும் போலருக்கு."

அன்றிலிருந்து அவள் மேட்டுக்குப் போகவில்லை. ராஜவேலுக்கு அது முள்ளாகக் குத்தியது. சிலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால், கீதாஞ்சலி முகம் நினைவுக்கு வந்தது. ஒருத்தி கும்பிட ஆரம்பித்த அன்றைக்கே இன்னொருத்தி நிறுத்திவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பூவிழி கேட்டாள். "ஊர்ல எல்லாரையும் கேட்டீங்க. உங்களக் கேட்டீங்களா?"

"என்ன கேக்க?"

"பள்ளத்துல கெடந்தப்ப நீங்க கூப்பிட்டீங்க, வந்துச்சு. வந்தது யாருன்னு உங்களுக்குத்தானங்க தெரியணும். என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க? அய்யாவா, ஆத்தாவா? அதச் சொன்னா பாதிப் பிரச்சினை தீந்துச்சு."

ராஜவேல் நினைவுபடுத்திப் பார்த்தான். மண்ணின் கனம் நினைவுக்கு வந்தது. வாயில் ஈரமண்ணின் ருசி நினைவுக்கு வந்தது. கூப்பிட்டது நினைவில் இல்லை. கூப்பிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் நினைத்ததுதான் நினைவில் இருந்தது.

"ரஃபீக் மேலதான் நின்னான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றான்.

பூவிழி பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். ரஃபீக்குக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்தது மலாய் மொழிதான். நலம் விசாரித்து முடித்ததும், அன்றைக்கு நான் என்ன கத்தினேன் என்று கேட்டான். ரஃபீக் சிரித்தான். கத்தவே இல்லை, கத்த மூச்சு எங்கே இருந்தது என்றான். ஆனால் வாய் ஓயாமல் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்ததாம். தமிழ் தெரியாததால் அர்த்தம் தெரியவில்லை, சத்தம் மட்டும் மறக்கவில்லை என்று சொல்லி, அதை அப்படியே சொல்லிக் காட்டினான்.

"இரு. இரு. இரு."

ராஜவேல் போனை வைத்தான்.

"யாரப் பாத்து 'இரு'ன்னு சொன்னீங்க?" என்றாள் பூவிழி.

"தெரியல. மண்ணு மேல மேல சரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதப் பாத்துச் சொன்னேனோ என்னவோ. இல்ல, ரஃபீக்க, போயிடாத இருன்னு சொன்னேனா?"

"உங்க உசுரச் சொல்லியிருக்கலாம்."

"ம். சாமியச் சொல்லியிருக்கலாம்." அவன் கொஞ்சம் யோசித்தான். "நீ யாரா வேணாலும் இரு, ஆனா இருன்னு."

பூவிழி அதை மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "பிரசவ வார்டுல நான் எத்தனையோ பேரப் பாத்துட்டேன்," என்றாள். "வலி உச்சத்துல சாமி பேரச் சொல்றவங்க கொஞ்சம் பேருதாங்க. மத்தவங்க 'வா'ம்பாங்க, 'விடு'ம்பாங்க, 'போதும்'பாங்க. யாருகிட்ட சொல்றாங்கன்னு நான் கேட்டதில்ல. கேட்டா அவங்களுக்கும் தெரியாது. ஆனா காத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்காது, ஆளுகிட்டப் பேசுற மாதிரிதான் இருக்கும்."

ராஜவேல் அன்றைக்கே திருமானூர் பஸ் ஏறினான். அருளானந்தம் வாசலில் நின்ற மாதாவுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார். ராஜவேல் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி மேட்டுக்குப் போவதை நிறுத்தியது, கீதாஞ்சலி அழுதது, ரஃபீக் சொல்லிக் காட்டிய சொல். அவர் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்தச் சால்வையப் பாருங்க," என்றார். "மாதா நெசத்துல நீலம் உடுத்துனாங்களான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா நீலம் பூசுனாத்தான் இது மாதா. கூட்டத்துல ஒருத்தரக் கண்டுபுடிக்கணும்னா சட்டக் கலரச் சொல்லி அனுப்புறோம்ல, அந்த மாதிரி. கலரு தேடுறவனுக்காக. அவருக்காக இல்ல."

"அப்ப சிலை வேணாங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க. சால்வ இல்லாம என்னால ஜெபம் பண்ண முடியாது. முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன், மனசு எங்கெங்கயோ போயிடும். உங்க அண்ணி மாதிரி எனக்கு வராது. எது பெருசுன்னு கேட்டா எனக்குத் தெரியல."

உள்ளிருந்து சாந்தி மேரி சொன்னாள். "அவர் பாதி செஞ்சு வச்சிருக்கிற சுரூபத்துக்கு முன்னாடிதான் நான் நல்லா ஜெபிப்பேன். கண்ணு வச்சுட்டா எனக்குக் கூச்சமாயிடும்." அருளானந்தம் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரியாது போலிருந்தது.

ஊரில் மறுபடி கூட்டம் போட்டார்கள். பூசாரி அரிவாள் வேண்டும் என்றார். சிலர் சிலையே வேண்டாம் என்றார்கள். சிலர் ஊருக்கு வெளியாள் வந்தால் காட்டுவதற்காவது ஒன்று வேண்டும் என்றார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. வீராயி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வழி சொன்னது கீதாஞ்சலிதான்.

"சிலையா இருக்கிற அந்தம்மாவ மேட்டுக்குப் பக்கத்துல வைக்க வேணாம்," என்றாள். "கரை ஏறுற எடத்துல வைங்க. மேட்டப் பாத்த மாதிரி வைங்க. எனக்கு அவங்க முகம் போதும். வீராயி அக்கா அவங்களத் தாண்டிப் போயி பேசிக்கட்டும்."

"அப்ப அந்தம்மா சாமியா, கும்புட வந்தவங்களா?" என்று கேட்டார் பஞ்சநாதன்.

"எனக்குத் தெரியல பெரியப்பா," என்றாள் அவள். "எதுவா இருந்தாலும் எனக்குச் சரி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முத்தமிழ்ச்செல்வன், "நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டு, நான் ஏன் சொன்னேன் என்பது போல விழித்தான். மடியில் கிடக்கும் கையில் அரிவாள் வைக்க முடியாது என்று அருளானந்தம் போனில் சொன்னதால், பூசாரி மேட்டுக்குப் பின்னால் தரையில் ஊன்றிக்கொள்வது என்று முடிவானது.

சிமெண்ட் சிலை வைகாசியில் வந்தது. கரையேறும் வழியில் ஒரு மேடை கட்டி, மேட்டைப் பார்க்க உட்கார வைத்தார்கள். மேட்டுக்குச் சுவர் எழுப்பவில்லை. நான்கு தூணும் ஓட்டுக்கூரையும் போடலாம் என்றபோது, கூரை போட்டால் மழையில் கரையாதே, அப்புறம் மண் எதற்குக் கொண்டுவருவது என்று வீராயி கேட்டாள். அதனால் கூரையையும் விட்டுவிட்டார்கள். ராஜவேல் நினைத்துவந்த கோயில் அது இல்லை. கோயில் என்றே அதைச் சொல்ல முடியுமா என்று அவனுக்குச் சந்தேகம்தான். ஆனால் வீராயி மறுபடி போக ஆரம்பித்தாள். சிலையைக் கடக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்த மாதிரி தலையசைத்துவிட்டுப் போவாள்.

மலேசியாவுக்குத் திரும்பும் முந்தின நாள் சாயங்காலம் ராஜவேல் தனியாக ஏரிக்கரைக்குப் போனான். மேட்டுக்கு எதிரே உட்கார்ந்தான். நன்றி சொல்லத்தான் போனான். உட்கார்ந்ததும் நன்றி மறந்துபோய், எதிரே இருப்பது யார் என்ற யோசனையிலேயே நேரம் போனது. முன்பெல்லாம் இப்படி யோசித்தால் தப்பு என்று பயப்படுவான். இப்போது பயம் வரவில்லை. ஏரியில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.

டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வந்த பூவிழி வண்டியைக் கரைக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டல. யாருன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. நீ உக்காரேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.